கறுப்புத் தலையும் வெள்ளைக் கோட்டும்

ஜூன் 3

மூத்தவளே,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தம்பி கல்லூரிகளுக்கு இடையே நடந்த நீச்சலில் இரண்டாவதாக வந்தான். முதலாவது வந்தவனுக்குக் கால் நீளமாம், அதனால் இவனைத்தான் முதல் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். உன் அத்தை மகன் வங்கியில் அதிகாரியாகிவிட்டான். தனி அறை, சுழலும் நாற்காலி. அவன் தங்கை பொறியியல் தேர்வில் வகுப்பிலேயே முதல். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு பாலத்துக்குக் கீழே நின்று எடுத்த படம் வந்தது. உன் சித்தப்பாவின் கடைக்குட்டிக்கு ஒப்பித்தல் போட்டியில் மூன்றாம் பரிசு. மேடை ஏறியதே மூன்று பேர்தான் என்கிறான் உன் தம்பி. அது பொறாமை.

எல்லோர் படமும் கூடத்துச் சுவரில் வரிசையாக இருக்கிறது. நடுவில் நீ. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழாய், கையில் தடிப் புத்தகம். வருகிறவர்கள் முதலில் உன்னைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு சின்ன வேலை. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மிஷினை மிதிக்க முடியவில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற மாசம் வேறு. "உங்க டாக்டர் பேத்திக்கு ஒரு வரி எழுதி மாத்திரை பேரு கேட்டு வாங்கித் தாங்களேன்" என்றாள். சின்ன மாத்திரையாக எழுது, அவளுக்குப் பெரியது தொண்டையில் இறங்காது.

போனில் பேசலாம் என்றால் நீ இருக்கிற காட்டில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் உன் அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறான். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டாலும் என் கையெழுத்துக்கு அந்தக் காலத்திலேயே பேர். அதனால் எழுதுகிறேன்.

பாட்டி


ஜூன் 26

பாட்டி அவர்களுக்கு,

நான் டாக்டர் இல்லை. மூன்றாம் வருடத்தில் கல்லூரியை விட்டு நின்றவள். இது உங்களுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், வீட்டில் இருக்கிற பூனைக்கும் தெரியும். தெரியாதது கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு மட்டும்தான்.

என் வேலை பறவை பார்ப்பது. காட்டுக்குள் ஏரிக்கரையில் ஒரு ஆய்வு நிலையம். நான்கு பேர் இருக்கிறோம். தபால் படகில் வருகிறது, படகுக்காரருக்கு மனசு வந்தால். இங்கே வருகிற பறவை ஒரு சின்னக் கடல்காக்கை. பேருக்குத்தான் காக்கை. புறாவை விடக் கொஞ்சம் மெலிந்த உடம்பு. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, கால் ஆரஞ்சு. அலகு மெல்லிசாக, கறுப்பாக இருக்கும். தலை முழுக்கக் கன்னங்கரேல். மைக்கூட்டுக்குள் தலையை விட்டு எடுத்த மாதிரி. குளிர்காலம் முழுக்கத் தெற்கே கடலோரத்தில் இருந்துவிட்டு, ஐஸ் உருகியதும் கூடு கட்ட இங்கே வருகிறது. மற்ற கடல்காக்கைகள் மணலிலும் பாறையிலும் முட்டையிடும். இது மட்டும் மரத்தில் ஏறிக் கூடு கட்டும். அந்தக் கூடுகளைப் பார்க்க நானும் மரம் ஏறுகிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நவம்பரில் இவை கிளம்பியதும் எனக்கு விடுமுறை. அம்மா வரச் சொல்கிறாள். சுவரில் அந்தக் கோட்டுப் படம் இருக்கும்வரை நான் அந்தப் படியேற மாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் பொய்யாக நிற்க வேண்டியிருக்கிறது, அதுவும் என் வீட்டிலேயே.

தையல்காரம்மாவை எலும்பு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பேத்தி


ஜூலை 15

மூத்தவளே,

'அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறாய். உள்ளே முழுக்க 'நீங்கள்', 'உங்களுக்கு'. பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றவள். என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டே என் மூக்கைத் திருகியவள். இந்த மரியாதையை நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம்.

கடல்காக்கை மரத்தில் கூடு கட்டுகிறதா? மீன் விற்கிறவரிடம் கேட்டேன். முப்பது வருஷமாகத் துறைமுகத்தில் இருக்கிற மனிதர். "பாட்டி, யாரோ உங்க காதுல பூ சுத்துறாங்க. கடல்ல திங்கிறது மரத்துல ஏன் ஏறுது?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உன்னால் நான் அந்த வழியாகப் போக முடியவில்லை. இப்போது மீனுக்குச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மரம் ஏறவா உன்னைப் படிக்க வைத்தோம்? சின்ன வயசில் கொய்யா மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதாயே, உன் தாத்தா ஏணி வைத்து இறக்கினாரே. இப்போது யார் இருக்கிறார்கள் ஏணி வைக்க?

படத்தை எடுக்க மாட்டேன். உனக்கு ஒரு விஷயம் சொன்னதில்லை. உன் தாத்தாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் வந்தார். சீட்டைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "என்ன சொன்னாரு?" என்று உன் தாத்தா என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன். "ஒண்ணுமில்லையாம், சரியாயிடுமாம்" என்றேன். அவர் நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நம் வீட்டில் ஒருத்தி டாக்டரானால், என்னைப் போல நிற்கிறவளிடம் அவளுக்குப் புரிகிற மாதிரி பேசுவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் மாட்டி வைத்திருக்கிறேன். உன் கோட்டை மட்டும் இல்லை.

தையல்காரம்மா தைலம் போட்டுத் தேய்க்கிறாள். மாடி வரைக்கும் வாசனை வருகிறது.

பாட்டி


ஆகஸ்ட் 9

பாட்டிக்கு,

போன படகில் எனக்கு ஒரு பெரிய உறை வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு முழங்கால். எக்ஸ்ரே படம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'டாக்டர் அம்மாவுக்கு. வலது கால். பார்த்துச் சொல்லவும். தையல்கார அம்மா.' என்னோடு இருக்கிற மூன்று பேரும் அதை ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். சமைக்கிறவர், "இதுல எங்க இருக்கு பறவை?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு அம்மா வலியோடு உட்கார்ந்திருக்கிறார். எங்கேயோ மரத்தின் மேல் இருக்கிற என்னை நம்பிக் காத்திருக்கிறார். எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நாள் தள்ளினால் கெட்டுப்போகும். அவரிடம் உண்மையையும் சொல்லிவிடுங்கள்.

தாத்தா விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படகுத்துறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

மரத்தில்தான் கூடு கட்டுகிறது. மீன்காரரிடம் காட்டுங்கள் என்று ஒரு பிடி பாசி வைத்திருக்கிறேன். காலியான கூட்டிலிருந்து எடுத்தது. சுள்ளியை அடுக்கி, உள்ளே இதை மெத்தை போட்டு வைக்கிறது. ஊசி இலை மரத்தில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். முட்டை பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்டிருக்கும். மரத்தடியில் கால் வைத்தால் போதும், ஊரையே கூட்டும் சத்தம். புறா மாதிரிக் கூவாது, துருப்பிடித்த கதவு மாதிரிக் கத்தும். தலைக்கு நேரே பாய்ந்து வந்து கொத்தும். எச்சமும் போடும், குறி தப்பாது. போன வாரம் என் நெற்றியில் கொத்தி ரத்தம். கட்டு போட்டிருக்கிறேன். பயப்பட வேண்டாம்.

குஞ்சுகள் இறங்கிவிட்டன. பறக்கத் தெரிவதற்கு முன்னாலேயே கிளையிலிருந்து பொத்தென்று விழுந்து, எழுந்து, தண்ணீரைப் பார்த்து நடக்கும். ஒன்று விழுந்த இடத்திலேயே யோசித்துக்கொண்டு நின்றது. கடைக்குட்டி நினைவு வந்தது.

பேத்தி


செப்டம்பர் 2

மூத்தவளே,

நெற்றியில் எந்தப் பக்கம்? கண்ணுக்கு எவ்வளவு தூரம்? இதையெல்லாம் எழுதாமல் 'பயப்பட வேண்டாம்' என்று எழுதினால் யார் பயப்படாமல் இருப்பார்கள்?

தையல்காரம்மாவை நானே அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் படி ஏற்ற நானும் கண்டக்டரும் சேர்ந்து தூக்கினோம். மூட்டுக்குள் ஏதோ கிழிந்திருக்கிறதாம். சின்னதாக ஒரு ஆபரேஷன். நல்லவேளை, இப்போதே வந்தீர்கள் என்றார் டாக்டர். இந்த டாக்டர் பெண் பிள்ளை. உன் வயசுதான் இருக்கும். காகிதத்தில் முழங்கால் படம் வரைந்து காட்டினாள். எனக்கும் புரிந்தது. நீயாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

"யார் உங்களை உடனே வரச் சொன்னது?" என்று அந்த டாக்டர் கேட்டாள். "என் பேத்தி" என்றேன். அது பொய் இல்லையே.

பாசியை மீன்காரரிடம் காட்டினேன். மோந்து பார்த்தார். "பாசி எங்கேயும் இருக்கும் பாட்டி" என்றார்.

பாட்டி


செப்டம்பர் 21

பாட்டிக்கு,

வலது பக்கம், புருவத்துக்கு மேலே. ஆறிவிட்டது. தழும்பு இருக்கும்.

தையல்காரம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும். அவரிடம் நான் யார் என்று சொன்னீர்களா, இல்லையா? உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தும் அது மட்டும் கிடைக்கவில்லை.

பேத்தி


நவம்பர் 19

மூத்தவளே,

உன் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. பறவை கிளம்பியிருக்குமே, நீயும் கிளம்பியிருப்பாய் என்று பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் பால்கனிக்குப் போனேன். உன் அம்மா உன் மெத்தையை வெயிலில் போட்டாள், தினமும் எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு போடுவதை நிறுத்திவிட்டாள். உன் பேச்சு வந்தால் உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுகிறான்.

நீ வரவில்லை என்பதால் உன் பறவையாவது வந்திருக்கிறதா என்று பார்க்க ஆறு கடலில் சேருகிற முகத்துக்குப் போனேன். மீன் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கல் சுவர் இருக்கிறது, அதில் உட்கார்ந்து பார்த்தேன். சின்னக் கடல்காக்கை வந்திருக்கிறது, கூட்டம் கூட்டமாக. ஆனால் உன்னுடையது இல்லை. உன்னுடையதற்குக் கறுப்புத் தலை என்று எழுதியிருக்கிறாய். இதற்குத் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு, குழந்தைக்கு வைத்த மை கன்னத்துக்கு வழிந்து வந்த மாதிரி. சிலதுக்குத் தோளில் பழுப்பு ஒட்டுத் துணி, வால் நுனியில் கறுப்புக் கரை. அது வேறு சாதியாக இருக்கும்.

பெரிய கடல்காக்கைகள் குப்பை கொட்டுகிற இடத்தில் அடித்துக்கொள்கின்றன. இவை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீருக்கு மேலேயே மிதந்து மிதந்து, கால் நனைந்தும் நனையாமலும் குனிந்து எதையோ எடுத்துக்கொள்கின்றன. சேற்றில் நிற்கும்போது காலால் தப்தப்பென்று மிதிக்கின்றன. புழு கிளம்பி வருவதற்கு என்று நினைக்கிறேன். தையல்காரம்மா மிஷின் மிதிக்கிற மாதிரியே இருக்கிறது. பறக்கும்போது இறக்கை ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை.

உன்னுடையது எங்கே போயிருக்கும்? அதற்காவது போகிற இடம் இருக்கட்டும்.

பாட்டி


டிசம்பர் 14

பாட்டி,

நீ பார்த்தது அதேதான்.

வேறு சாதி இல்லை. கூடு கட்டுகிற காலத்தில் மட்டும்தான் கறுப்புத் தலை. அது முடிந்ததும் அந்த இறகு கொட்டிவிடும், வெள்ளை முளைக்கும். மிச்சம் நிற்பது அந்தப் பொட்டு மட்டும். தோளில் பழுப்புத் துணி போட்டது இந்த வருடத்துக் குஞ்சு. கிளையிலிருந்து குஞ்சு விழுந்ததை நான் பார்த்தேனே, அந்த வயசு. நான் ஏறிய மரத்திலிருந்துதான் அது வந்தது என்று நினைத்துக்கொள்ளாதே, லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் சாதி அதே. சேற்றை மிதிக்கிறதைக்கூட எழுதியிருக்கிறாய். அதை நான் பார்த்ததே இல்லை. இங்கே அது பூச்சியைப் பறந்து பிடிக்கிறது, சேற்றுப் பக்கம் போவதில்லை. உன் கடிதத்தை எங்கள் தலைவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் 'பாட்டி இன்னும் எழுதுவார்களா?' என்று கேட்டார்.

நம்பாவிட்டால் மார்ச் கடைசியில் அதே சுவரில் போய் உட்கார். கிளம்புவதற்கு முன்னால் தலை மாறும்.

நான் வராததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. கிளம்பி, ஏரி தாண்டி, பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். டிக்கெட் கொடுக்கிறவர் 'எங்கே' என்று கேட்டார். அந்தச் சுவர் கண்ணில் வந்தது. திரும்பிவிட்டேன்.

நீ தாத்தாவைப் பற்றி எழுதிவிட்டாய். நானும் சொல்கிறேன். மூன்றாம் வருடம் வார்டில் பெரிய டாக்டருக்குப் பின்னால் நாங்கள் வரிசையாக நடப்போம். ஒரு அம்மா, உன் வயசு, என் கோட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். சீட்டில் படித்திருந்தேன். வாய் வரவில்லை. பெரிய டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த அம்மாவின் விரலை நானே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பின்னாலேயே போய்விட்டேன். அதற்குப் பிறகு கோட்டைப் போட்டாலே அந்த அம்மா பிடித்த இடம்தான் கண்ணில் படும். வார்டுக்குப் போகாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவேன். சில மாதம் யாரிடமும் சொல்லாமல் இழுத்துப் பார்த்தேன்.

பெட்டியோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு அப்பா, "நாலு பேருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். அம்மா அழுதாள். ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை. நீ கேட்பாய் என்று உன்னிடம் வந்தேன். நீ அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

அவ்வளவுதான் பாட்டி. உடம்பைப் பார்த்துக்கொள். கல் சுவரில் வெறுமனே உட்காராதே, குளிர் ஏறும். கீழே ஏதாவது போட்டுக்கொள்.

உன் பேத்தி


ஜனவரி 6

என் கண்ணே,

உன் கடிதத்தை வாங்கி நாளாகிறது. பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஏன் நின்றாய், கண்ணு?

நீயே சொல்லிவிட்டாய், பதில் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியதை ஒரு தரம் எழுதிவிடுகிறேன் என்று எழுதினேன்.

இத்தனை நாள் நான் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வரிசையில் வருகிற பிள்ளைகளை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது யோசித்தால் அன்றைக்கும் நாலைந்து பேர் வந்தார்கள். கடைசியில் ஒரு பெண் இருந்தாள். அவள் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

நானும் உன் தாத்தாவிடம், எனக்கே புரியவில்லை என்ற உண்மையைச் சொல்லவில்லை. கட்டிய மனைவியான எனக்கே வாய் வரவில்லை. வார்டில் நின்றபோது உனக்கு என்ன வயசு? முளைத்து மூன்று இலை விடவில்லை.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் அப்பா டிவி முன்னால்தான் இருந்தான். சத்தத்தைக் கூட்டவில்லை. நான் பாதியில் நிறுத்தியதும், "மீதியையும் படி" என்றான். படித்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு, "அந்தப் பறவை நம்ம ஆத்துக்கா வருது?" என்று கேட்டான். மறுநாள் வேலைக்குப் போகிறவன் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். செருப்பில் சேறு இருந்தது.

படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஸ்டூல் போட்டு ஏறிக் கை வைத்தேன், எடுக்க வரவில்லை. துடைப்பதை நிறுத்திவிட்டேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அது.

தலை மாறும் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. வயசாகி வெளுத்த தலை மறுபடி கறுத்து நான் பார்த்ததில்லை. அப்படி இருந்தால் எனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கி அனுப்பு.

பாட்டி


ஏப்ரல் 11

என் மூத்தவளே,

முதலில் வீட்டுச் செய்தி. உன் தம்பி நீச்சலில் இந்தத் தரமும் இரண்டாவது. கால் நீளமானவன் இன்னும் படித்து முடிக்கவில்லை. வங்கிக்காரனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அவன் தங்கை நின்ற பாலத்தில் பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. கடைக்குட்டிக்கு ஒப்பித்தலில் முதல் பரிசு. இந்தத் தரம் நான்கு பேர் ஏறினார்கள், அதனால் யாரும் வாய் திறக்க முடியவில்லை.

மூத்த பேத்தி காட்டு ஏரியில் கடல்காக்கையின் கூடு பார்க்க மரம் ஏறுகிறாள். இதை நான் எங்கே சொன்னேன் என்று கேட்கிறாயா? கேள்.

மார்ச் கடைசியில் நீ சொன்ன மாதிரி சுவருக்குப் போனேன். கீழே பாய் மடித்துப் போட்டுக்கொண்டேன். தையல்காரம்மாவையும் கூட அழைத்துப்போனேன். ஆபரேஷன் முடிந்த காலுக்கு நடை வேண்டுமாம். முதல் நாள் எல்லாம் வெள்ளைத் தலைதான். எனக்கு உள்ளூர சந்தோஷம், உன்னை ஜெயித்துவிட்டேன் என்று. அடுத்த வாரம் போனால் ஒன்றுக்குப் பின்மண்டையில் அழுக்குப் பட்ட மாதிரி இருந்தது. இன்னொன்றுக்கு நெற்றி வெள்ளை, கன்னம் கறுப்பு. வேறொன்று பாதி எழுதி நிறுத்திய கடுதாசி போல அங்கங்கே மையாக நின்றது. அதைப் பார்க்கவே பரிதாபம். இதுவும் இல்லை, அதுவும் இல்லை. ஆனால் அது வெட்கப்படவில்லை, கண்ணு. பக்கத்தில் இருக்கிற எதுவும் அதை விரட்டவும் இல்லை. எல்லாம் சேர்ந்து சேற்றை மிதித்துக்கொண்டிருந்தன.

நேற்று போனோம். முழுக்கக் கறுப்பு. நீ எழுதியது போலவே மைக்கூட்டுத் தலை. கண்ணுக்கு மேலும் கீழும் மட்டும் வெள்ளையாக ஒரு கீற்று. மீன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது வேற பறவை பாட்டி" என்றார். முப்பது வருஷமாக அவரும் இரண்டு பறவை என்றே நினைத்திருக்கிறார். நானும் அப்படித்தானே நினைத்தேன், உன் விஷயத்தில். கோட்டு போட்டவள் ஒருத்தி, மரம் ஏறுகிறவள் ஒருத்தி. கோட்டு போட்டவளைத் தொலைத்துவிட்டேன், அவள் படத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று இருந்தேன். தொலையவே இல்லை. இறகுதான் மாறியிருக்கிறது.

அங்கேயே தையல்காரம்மா பக்கம் திரும்பி, "என் பேத்தி டாக்டர் இல்ல. படிப்பை விட்டுட்டா. இந்தப் பறவையைத்தான் பாத்துக்கிட்டிருக்கா" என்றேன்.

அவள் பறவையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"எக்ஸ்ரே அனுப்ப உங்க வீட்டு மேஜையில இருந்த உறையப் பாத்துத்தானே விலாசம் எழுதினேன். பறவை ஆய்வு நிலையம்னு அச்சுல போட்டிருக்கு. நீங்க அஞ்சாவது. நான் ஏழாவது."

"தெரிஞ்சேவா அனுப்புன?"

"அப்பவாவது நீங்க வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா என்னையே பஸ்ஸுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. சரி, கால் நல்லாயிடுச்சு, பொய்யும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் மானம் போனவளாக உட்கார்ந்திருந்தேன். அவள் பாயில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, "டாக்டர் பேத்தி இந்தத் தெருவுலயே மூணு வீட்டுல இருக்கு. மரம் ஏறுற பேத்தி உங்களுக்கு மட்டும்தான்" என்றாள். இது எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது மருந்துக் கடையிலும் தபால்காரரிடமும் மாடி வீட்டிலும் சொல்லிவிட்டேன். மாடி வீட்டம்மா, "கொத்தாதா?" என்று கேட்டாள். "புருவத்துக்கு மேலே தழும்பே இருக்கு" என்றேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் பேரனுக்கு ஒரு தழும்பும் இல்லை.

வந்ததும் ஸ்டூல் போட்டேன். இந்தத் தரம் கை வைத்ததும் வந்துவிட்டது. தூக்கி எறியவில்லை, அது சண்டை மாதிரி ஆகிவிடும். உன் தாத்தாவின் வேட்டிகள் இருக்கிற பெட்டியில் துணிக்கு நடுவே வைத்திருக்கிறேன். அவர் பார்த்துக்கொள்ளட்டும். உன் அப்பா ஆணியைப் பிடுங்க வந்தான். வேண்டாம் என்றேன்.

படம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக ஒரு கட்டம் தெரிகிறது, சுற்றியெல்லாம் மங்கல். வருகிறவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள். வெறும் இடத்தை எத்தனை நாள் காட்டுவது?

உன் பறவை இன்றைக்கோ நாளைக்கோ இங்கிருந்து கிளம்பிவிடும், உன்னிடம் வர ஒரு மாசமாவது ஆகும். அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். நவம்பரில் அது திரும்பி வரும்போது நீயும் வா. உன் அப்பா கல் சுவருக்கு இப்போதே உட்காரப் பலகை அறுத்து வைத்திருக்கிறான், மூன்று பேருக்கு.

அதுவரைக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பு. புதிதாக, போன வருஷத்தது வேண்டாம். மரத்தின் மேல் இருக்கிறபோது, கறுப்புத் தலை பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கிற மாதிரி. தழும்பு தெரிய வேண்டும், முடியை இழுத்து விட்டு மறைக்காதே. தபாலில் மடங்கிவிடும், இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டி அனுப்பு. ஆணி காத்திருக்கிறது.

பாட்டி